மாசியிலிருந்து தாரிணி

மனுகா புறநகரில் உள்ள ஒரு சட்ட அலுவலகத்தின் வரவேற்பில் கௌரி ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். வீடு வாங்குவது, விசா, விவாகரத்து மூன்றையும் அங்கே கவனிக்கிறார்கள். வாடிக்கையாளர் எழுதும் ஒவ்வொரு பாராட்டையும் ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கௌரி நம்புவார்.

‘கிளென் ஈடன் விவாகரத்து வழக்கறிஞர்’ என்று ஊர்ப் பெயர் போட்டு கூகுளில் தேடுகிறவர்களுக்காக, விளம்பரம் பார்க்கும் மனோஜ் அலுவலக இணையதளத்தில் புதுப் பக்கம் ஒன்று போட்டிருந்தார். அதில் ஆறு பாராட்டுகள் இருந்தன. கௌரிக்கு உடனே சந்தேகம் வந்தது. விவாகரத்துக்கு வந்த தமிழர் எவரும் பெயர் போட்டு எழுதியதே இல்லை.

“பயத்தோடு வந்தேன், இப்போது நிம்மதியாக இருக்கிறேன். தாரிணி, மாசி.”

மாசி புறநகரிலிருந்து வந்த தாரிணியின் ஃபைலை கௌரி எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, இவ புருஷனோட சேர்ந்து வீடு வாங்க வந்தவ.”

“நம்ம ஆஃபீஸைத்தானே பாராட்டியிருக்காங்க அக்கா? விவாகரத்துன்னு அதுல எங்க இருக்கு?”

“மேல தலைப்பில இருக்கு. இப்பவே எடும்.”

மனோஜ் பக்கத்தை நீக்கிக்கொண்டிருந்தபோதே தாரிணி ஃபோனில் கூப்பிட்டாள்.

“அக்கா, எனக்கு எப்ப விவாகரத்து ஆச்சுன்னு அத்தை கேக்கறாங்க. லைன்லதான் இருக்காங்க, நீங்களே சொல்லுங்க.”

கௌரி ஃபோனை மனோஜிடம் நீட்டினார்.

“அம்மா, தப்பு என்னோடது. அவங்க வீடுதான் வாங்குனாங்க.”

“தனியா இருக்கறதுக்கா?” என்றார் மாமியார்.

மனோஜ் ஃபோனைத் திருப்பி நீட்டினார். கௌரி ஃபோனை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு பேரின்ர பேரிலயும்தான் அம்மா. ஃபைல் என்ர கையில இருக்கு.”

“மகன் கையெழுத்து இருக்கா? படம் எடுத்து அனுப்புங்க.”

கௌரிக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.