குப்பை பிரிக்கும் கலையரசன்

வலக்கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டே இடக்கையால் மவுஸைத் தள்ளுகிறார் கலையரசன். காலையில் தன் பெட்டிக்கு வந்த குப்பை மெயில் பார்ப்பது அவருக்குப் பல் துலக்குவது மாதிரி. லாட்டரியில் விழுந்த கோடி, முடங்கப்போகும் வங்கிக் கணக்கு, சீனாவிலிருந்து டிரில் பிட், வழுக்கைக்குத் தைலம். ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருமூச்சு விட்டு, அடுத்ததற்குப் போவார். "திருடறவனாச்சும் கொஞ்சம் புதுசா யோசிக்கலாமுங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொள்வார்.

திருச்செங்கோட்டில் மலைப் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. பகலில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு. பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நாள் முழுக்க யாராவது வந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் பீரோ மேல் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதுதான் வீட்டு மெயில் சர்வர். அண்ணன் வீரபாகுவின் போர்வெல் ரிக் கம்பெனி மெயிலும் குடும்பத்தார் மெயிலும் அதில்தான் வந்து இறங்குகின்றன. முன்பு அண்ணன் வைத்திருந்த இலவசக் கணக்கை எவனோ திருடிவிட, சத்தீஸ்கர் வேலை பற்றிய மெயில்கள் அத்தனையும் போயின. "நம்ம சங்கதி நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்டா" என்றார் வீரபாகு. அன்று தலையாட்டியதற்குத் தம்பி இன்னும் அனுபவிக்கிறார். மனைவி சௌந்தர்யா கேட்பதும் நியாயம்தான்: "ஊருக்கெல்லாம் சும்மா கெடைக்குது. நமக்கு மட்டும் ஏனுங்க இந்தப் பாடு?" அவர் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

போன ஆண்டு குப்பை அளவு மீறியது. வேலைக்கான மெயிலைத் தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது என்று அண்ணன் புலம்ப, தானாகக் குப்பை பிரிக்கிற வடிகட்டி ஒன்றைக் கலையரசன் நிறுவினார். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. வேண்டாத மெயிலை நாம் 'குப்பை' என்ற பெட்டிக்குள் இழுத்துப் போடப் போட, அந்தச் சாடையைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். பிறகு அதே சாடையில் வருவதைத் தானே தள்ளிவிடும். ஒரு மாதம் கிடந்ததை அடியோடு அழித்துவிடும். டிஸ்க்கில் இடம் போதாது என்று அப்படி வைத்ததும் கலையரசன்தான். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒழுங்காகச் செய்தது அண்ணன் ஒருவர்தான்.

அண்ணனின் புலம்பல் ஓய்ந்தது. காலை இட்லியை நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று இருந்தபோது வீரபாகு வரத் தொடங்கினார். பட்டறைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்துவார். காபி வேண்டாம் என்பார். மிஷின் ஓடுகிறதா, எல்லா மெயிலும் வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்றால் சற்று நின்றுவிட்டுப் போவார். சில நாள் கழித்து மறுபடி வந்து, வெளியூர் மெயில் கூட வருகிறதா என்பார். கலையரசனுக்கு அலுப்பாக இருந்தது. கல்லூரியில் பதில் சொல்வது போதாதா? ஆனாலும் அண்ணன் கேட்டுவிட்டாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து அவருடைய குப்பைப் பெட்டியைத் திறந்தார்.

லாட்டரிக்கும் தைலத்துக்கும் நடுவில் இலக்கியாவின் பெயர் இருந்தது. அண்ணன் மகள். கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு புனேயில் இருக்கிறாள். அவள் போன் நம்பரை அண்ணன் தடுத்து வைத்துவிட்டதால் அவளுக்கு மிஞ்சிய வழி மெயில்தான். கலையரசன் எதையும் திறக்கவில்லை. தலைப்புகளே போதுமாக இருந்தன. 'அப்பா, முழங்கால் வலி எப்படி இருக்கு?' 'அப்பா, ஒரு வரி எழுதினாப் போதும்.'

சர்வரின் பதிவுகளைப் புரட்டியதும் நடந்தது விளங்கிவிட்டது. முதலில் வந்தவற்றை அண்ணன்தான் ஒவ்வொன்றாகக் குப்பைக்கு இழுத்திருக்கிறார். வடிகட்டி பார்த்துப் பழகியது. அதன் பிறகு அவருக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை.

போன் செய்ததும் வீரபாகு கிரீஸ் கையோடு வந்தார். தம்பி பெட்டியைக் காட்டி, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்றும் சொன்னார். மிஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் இருவருக்குமே சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவள் எழுதுவதையே விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்ததாக அண்ணன் மெல்லச் சொன்னார்.

"நாந் தள்ளுனா, அதும் எதுக்குடா தள்ளோணும்?"

"நீங்க காட்டுனதைத்தானுங்கண்ணா அது பழகிக்கிச்சு."

"முன்னாடி வந்ததெல்லாம்?"

"மாசத்துக்கு மேல நிக்காதுங்க. அழிஞ்சு போச்சு. அப்படி வெச்சது நாந்தானுங்க."

வீரபாகு தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கலையரசனுக்குத் தோன்றியது. இலக்கியாவின் முகவரி எப்போதும் தடையில்லாமல் வரும்படி வடிகட்டியில் ஒரு வரி சேர்த்தார். மிஞ்சியிருந்தவற்றை வெளியே எடுத்து, இதெல்லாம் நல்ல மெயில் என்று வடிகட்டிக்குக் காட்டினார். மாதக் கெடுவையும் நீக்கினார். பிறகு எழுந்து அண்ணனை உட்காரவைத்தார்.

வீரபாகு திரையருகே குனிந்தார், பின்னால் சாய்ந்தார், கண்ணைச் சுருக்கினார். எழுத்துப் பிடிபடவில்லை. கண்ணாடியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு ஓடி வந்திருந்தார். படித்துக் காட்டட்டுமா என்று தம்பி கேட்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெளிவாகத் தெரியாத ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.