தலைகீழ் அக்காவும் ஆறாத டீயும்

மூடியை இறுக்கித் திருகியதும் டீ மக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, தன் கைப்பையின் திறந்த வாய்க்கு நேரே பிடித்து, அக்கா ஒரு குலுக்குக் குலுக்குகிறார். பைக்குள் மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை, மகள் வரைந்து கொடுத்த பூனைப் படம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். ஒரு சொட்டு விழுந்தாலும் பூனை போய்விடும். "சிங்க்குக்கு மேல பிடிச்சுப் பாத்தா என்னவாம்?" என்று கணவர் கேட்பார். "அங்க பிடிச்சா பயம் வராது. பயம் வரலேன்னா மூடிய ஒழுங்கா மூட மாட்டேன்" என்பது பதில்.

அலுவலக வாசலில் இன்னொரு முறை குலுக்குவார். அதைப் பார்த்துத்தான் உடன் வேலை செய்கிறவர்கள் 'தலைகீழ் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

அக்கா வேலை செய்வது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். ஜன்னல் கிடையாது. வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் காதில் கருவி மாட்டிய ஒருவர். அக்காவின் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவர்தான். அவருடைய அம்மாவுக்கு அது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. "நாள் பூரா போன் பேசறதுக்கா சம்பளம் தர்றாங்க? நம்ம தெருவுல ஓசியிலயே பேசிக்கிட்டு இருக்காளுங்களேடி" என்பார்.

ஒருமுறை யாரோ காபியைத் தட்டிவிட்டதில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கணினிகள் செத்துப்போயின. அதிலிருந்து சூப்பர்வைசர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புதிதாக எந்த மக் உள்ளே வந்தாலும் தண்ணீர் நிரப்பி மூடி, அவர் மேசைமேல் விரித்த மெல்லிய காகிதத்துக்கு மேலே கவிழ்க்க வேண்டும். காகிதத்தில் ஈரம் பட்டால் மக் வெளியே உள்ள அலமாரிக்குப் போகும். அலமாரிக்கு 'ஜெயில்' என்று பெயர். ஜெயிலில் அழகழகான மக்குகள் தூசி படிந்து உட்கார்ந்திருக்கின்றன.

அக்காவுக்கு ஒழுகாமல் இருந்தால் மட்டும் போதாது, சத்தமும் வரக் கூடாது. முன்பு ஒரு மக் வைத்திருந்தார். மூடியை அழுத்தினால் 'டப்'பென்று திறக்கும். தாடையோரம் இருக்கும் மைக்குக்கு அது வெடிச் சத்தம். மூச்சுத் திணறும் மாமனாருக்காக வண்டி கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னம்மா அங்க, சோடா உடைக்கிறியா?" என்றார். மறுநாளே அந்த மக் ஜெயிலுக்குப் போனது. அதற்குத் தண்டனை கொடுத்தது சூப்பர்வைசர் இல்லை, அக்காவே.

பேச்சிலும் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. 'பதறாதீங்க' என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "பதறாதேன்னு சொல்லி எவன் பதறாம இருந்திருக்கான்? கைக்கு ஒரு வேலையக் குடு. வாசக்கதவத் திறந்து வைங்க, லைட்டப் போடுங்க, சட்டை பட்டனைக் கழட்டி விடுங்க. கை வேலை செஞ்சா மனசு தானா பின்னால வரும்." வீட்டிலும் இதே பாணிதான். பால் பொங்கி வழிந்தால் கணவரிடம், "அடுப்ப அணைங்க. துணி எடுங்க. வேற யாருக்கும் அடி படலையே?" என்று கேட்பார்.

அந்த அறைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முடிவைக் கேட்கக் கூடாது. வண்டி போய்ச் சேர்ந்தது, ஆளை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தது என்பதுவரை திரையில் தெரியும். அதற்கு அப்புறம் பிழைத்தாரா இல்லையா என்று தேடிப் போகக் கூடாது. நல்ல செய்தி வந்தால் மனம் அடுத்த செய்திக்கு அலையும், கெட்ட செய்தி வந்தால் அடுத்த போனை எடுக்கக் கை வராது. இந்தச் சட்டத்தில் அக்காவைப் போலக் கறாரான ஆள் கிடையாது. பக்கத்து இருக்கையில் 'சுண்டெலி' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் புதிதாக வந்த வாரம், "அந்தத் தாத்தா என்ன ஆனாருக்கா?" என்று கேட்டாள். "உன் லைன்ல அடுத்த தாத்தா காத்திருக்காரு, பாரு" என்றார் அக்கா.

இத்தனை கறாரான ஆளைக் கவிழ்த்தது கணவர் ஆசையாக வாங்கிவந்த ஒரு மக். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாமான் என்றால் கனமாக இருக்க வேண்டும், உள்ளே இரட்டைச் சுவர் இருக்க வேண்டும், விழுந்தால் தரைக்குத்தான் சேதம் ஆக வேண்டும் என்று நினைப்பவர். "காலையில ஊத்து, சாயங்காலம் திற. ஆவி பறக்கும்" என்றார். பறந்தது. ஒழுகவில்லை. மூடி திறக்கும் சத்தம் பூனை நடையைப் போல இருந்தது. சூப்பர்வைசரின் காகிதத்தில் பொட்டு ஈரமில்லை. அறை முழுக்க அந்த மக்கைக் கையில் வாங்கிப் பார்த்தது. அதற்கு ஒரே ஒரு குறை. உள்ளே ஊற்றிய டீ எப்போது திறந்தாலும், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போலக் கொதித்தது. மூடியின் சின்னத் துவாரம் வழியாகக் குடிப்பதால் ஆவியும் கண்ணுக்குத் தெரியாது, உதட்டுக்கும் முன்னெச்சரிக்கை கிடையாது.

அங்கே அழைப்பு வந்தால் காதில் 'டிங்' என்று ஒரு மணி, அவ்வளவுதான். எடுக்கவா வேண்டாமா என்ற பேச்சே இல்லை, தானாக இணைந்துவிடும். அழைப்பு வேண்டாமென்றால் மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர்கள் டீக்கு, தும்மலுக்கு, செருப்பு வார் மாட்டுவதற்கெல்லாம் அழுத்துவார்கள். அக்கா டீக்கு அழுத்தியதே இல்லை. "ஒரு வாய் டீக்கு எதுக்குப் பொத்தான்? அதை அழுத்துற நேரத்துல குடிச்சே முடிச்சிடலாம்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குக் காலை அறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நெரிசலில் ஒரு சின்ன இடைவெளி. தொண்டை காய்ந்திருந்தது. பெரிய மிடறாக எடுத்துவிட்டார். வாய்க்குள் நெருப்பு. அதே நொடியில் 'டிங்'.

விழுங்க முடியவில்லை. துப்பலாமென்றால் எதிரே விசைப்பலகை. காதில் ஒரு ஆள், "குழந்தை, குழந்தை, ஆப்பிள் துண்டு தொண்டையில, மூச்சு வரல, நீலமாகுது, ஹலோ, யாராவது இருக்கீங்களா" என்று கத்திக்கொண்டிருக்கிறார். அக்காவின் வாய் நிறையக் கொதிக்கும் டீ. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கை மட்டும் பழக்கத்தில் திரையில் வந்த முகவரியைப் பிடித்து வண்டியை அனுப்பிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் கண்ணை மூடி விழுங்கினார். நெஞ்சுவரை வெந்துகொண்டு போனது. அதற்கப்புறம் வந்த குரல் அவருடையதாகவே இல்லை. "குழந்தையக் குப்புறப் போடுங்க. உங்க முன்கை மேல. தலை கீழ இருக்கட்டும். உள்ளங்கையால முதுகுல, ரெண்டு தோளுக்கும் நடுவுல தட்டுங்க. தட்டுங்க." எதிர்முனையில் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரையில் வழக்கமான வாசகம் வந்தது: ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கப்பட்டது.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சுண்டெலி மட்டும், "என்னக்கா, குரல் இப்படி ஆயிடுச்சு?" என்றாள். "சளி" என்றார்.

வீட்டுக்குப் போய் மக்கைப் பாத்திர அலமாரியின் பின்வரிசையில் தள்ளிவைத்தார். அடுத்து வந்த நாட்களில் வேலையில் ஒரு சொட்டு எதுவும் குடிக்கவில்லை. பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த அழைப்பு பக்கத்து இருக்கைக்குப் போயிருக்கும், சுண்டெலி அடுத்த மூச்சிலேயே பேசியிருப்பாள் என்ற நினைப்பு ஒவ்வொரு 'டிங்'கிலும் வந்தது. அந்த மௌனம் எவ்வளவு நேரம்? ஒரு கணமா, ஒரு குழந்தை போகிற அளவுக்கா? கணவர் வாயில் வெண்ணெய் தடவச் சொன்னபோது அக்கா அழுதுவிட்டார். நாக்கு வெந்த வலி என்று அவர் நினைத்துக்கொண்டார். "நான் வாங்கின மக்குதான் காரணமா?" என்று கேட்டார், பாவம். "மக்கு மேல தப்பில்ல. அது செய்ய வேண்டியதச் செஞ்சுது" என்றார் அக்கா.

சூப்பர்வைசரிடம் போய், வண்டிகளுக்கு டீசல், டயர் கணக்குப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். காரணம் சொல்லவில்லை. அவர் ஏற இறங்கப் பார்த்து, "நீ போனா இந்த ரூம் என்னத்துக்கு ஆகும்? சரி, ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லு" என்றார்.

தொண்டை வறண்டு இருமல் பிடித்ததால், மாற்றல் வரும்வரையாவது எதையாவது குடித்தாக வேண்டும் என்று பாத்திரக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா வரிசையாக எடுத்து வைத்தார். அக்கா ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் திறந்தார், காதோரம் வைத்து மூடினார், உள்ளே மூக்கை விட்டார், ரப்பர் வளையம் கழற்றிக் கழுவ வருகிறதா என்று நகத்தால் நெம்பினார்.

"இது பாருங்க, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அதே சூடு."

"அது வேண்டாம். ரொம்ப சூடும் இருக்கக் கூடாது, ஆறிப்போகவும் கூடாது. சொன்னபடி கேக்கணும், சத்தம் போடக் கூடாது, ஒழுகக் கூடாது, நாத்தம் அடிக்கக் கூடாது."

கடைக்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டார். "நீங்க தேடறது மக்கா, மாப்பிள்ளையா?"

அந்த வாரத்தில் முதன்முதலாக அக்கா சிரித்தார். கடைசியில் எடுத்தது வாய் அகன்ற, இலேசான, சாதாரண மக். அகன்ற வாயில் ஆவி தெரியும், உதடு முதலில் சூட்டைத் தொட்டுப் பார்க்கும். மகளுக்குப் பின்னல் போட்டு முடிக்கும்வரை மூடியைத் திறந்தே வைத்து, பிறகுதான் மூடுவது என்று வழியிலேயே முடிவும் செய்துகொண்டார்.

பதில் சொல்ல வேண்டிய நாளன்று, இடைவேளையில், அந்த மக்கையும் இரண்டு காகிதக் கப்புகளையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனார். அந்தக் குழந்தைக்கு எந்த வண்டியை அனுப்பினோம் என்பது அவருக்குத் தெரியும். அதன் பின்கதவு திறந்திருந்தது. டிரைவர் வாளியும் பிரஷ்ஷுமாகக் குனிந்திருந்தார்.

"டீ குடிக்கிறீங்களாண்ணே?"

டிரைவர் நிமிர்ந்தார். "என்னம்மா அதிசயமா இருக்கு? போன்ல அதட்டற ஆளு நேர்ல டீ தருது." ஒரு வாய் குடித்தார். "வெதுவெதுன்னு இருக்கே."

"அப்படித்தான் குடிக்கணும்." அக்கா தனக்கும் ஒரு கப்பில் ஊற்றிக்கொண்டார். முடிவைக் கேட்கக் கூடாது. "அப்புறம், வேலையெல்லாம் எப்படிண்ணே போகுது?"

வேலை எப்படிப் போகிறது என்று டிரைவர் சொல்லத் தொடங்கினார். வைப்பர் சரியில்லை. எழுதிக் கொடுத்து எவ்வளவு நாளாச்சு, ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. சைரன் போட்டாலும் முன்னால் போகிற கார்க்காரன் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போகிறான். பெரிய மருமகன் கூடப் போன மாதம் கார் வாங்கியிருக்கிறான், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையிலிருந்த காகிதக் கப்பு கசங்கியது.

"இதுல இந்த நாத்தம் வேற" என்றார் டிரைவர், வண்டிக்குள் பிரஷ்ஷை நீட்டி. "எத்தனை தரம் கழுவியாச்சு. பால் வாந்தி. தரையில அந்தச் சந்துக்குள்ள போய் உக்காந்துகிச்சு."

"யாரு வாந்தி?" என்றார் அக்கா.

"ஒரு வாண்டு. ஆப்பிளத் தின்னுட்டு மாட்டிக்கிச்சாம். நாங்க போய்ச் சேர்றப்போ அப்பங்காரன் பிள்ளையக் கை மேல குப்புறப் போட்டுத் தட்டிக்கிட்டு நிக்கறான், துண்டு தரையில கிடக்கு. அது கத்தற கத்துல எங்க சைரனே எடுபடல. எதுக்கும் டாக்டர் பாக்கட்டும்னு ஏத்திட்டுப் போனா, வழி பூரா வாந்தி. என் சட்டையில, பெல்ட்ல, ஒரு இடம் விடல. ஆஸ்பத்திரியில எறக்கி விடறப்போ என் மூக்கப் புடிச்சு இழுக்குது கழுதை."

அக்கா மக்கைத் திறந்து, மீதி டீயையும் டிரைவரின் கப்பில் ஊற்றினார்.

"அது சரி, உங்க ரூம்ல வயசானவங்க யாரு இருக்கா? அந்த ஆளு சொன்னான், போன்ல ஒரு பாட்டி சொல்லிக் குடுத்துச்சாம். தொண்டை கட்டின பாட்டியாம்."

"பாட்டியா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "இருக்கா ஒரு கிழவி. சொன்ன பேச்சு கேக்க மாட்டா."

கட்டட வாசலில் சுண்டெலி தலையை நீட்டினாள். "அக்கா, சூப்பர்வைசர் கேக்கறாரு, அந்த மாத்தல் வேணுமா வேண்டாமான்னு."

"வேண்டாம்னு சொல்லிடு."

டிரைவர் மறுபடி குனியப் போனார். அக்கா அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, "எந்தச் சந்துண்ணே?" என்றார். டிரைவர் காட்டினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி, முழங்காலிட்டு, அந்தச் சந்துக்கு மேலே முகத்தைத் தாழ்த்தி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். பால் நாற்றம் அப்படியே இருந்தது. பிரஷ்ஷை இன்னும் தரையில் வைக்கவில்லை. இன்னொரு முறையும் இழுத்தார்.