தீவுக்கு வந்த பெரியப்பா

நான் நாலாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பழைய ஆங்கில நாடகம் போட்டார்கள். தம்பிக்காரன் அண்ணனின் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கைக்குழந்தையோடு கடலில் விட்டுவிடுகிறான். அவர் ஒரு தீவில் ஒதுங்கி மகளை வளர்க்கிறார். பல வருஷம் கழித்து, புயலில் சிக்கி அந்தத் தம்பியின் கூட்டமே அங்கே வந்து சேர்கிறது. வெளி மனிதர்களையே பார்த்திராத மகள், வந்தவர்கள் யாரென்று தெரியாமல், மனிதர்கள் இத்தனை அழகா என்று அதிசயப்படுகிறாள். அந்த மகள் நான். வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பதில் எனக்கு இணையில்லை என்று டீச்சர் கண்டுபிடித்திருந்தார்.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். கோலார் தங்கவயலில் தாத்தாவின் சுரங்கக் குவார்ட்டர்ஸைப் பெரியப்பா தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் மர்பி டவுனுக்கு வாடகைக்கு வந்தார். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் காதுபட அப்பா அண்ணனை ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னதில்லை. அம்மாவோடு தங்கவயல் திருவிழாவுக்குப் போனால் தோளில் ஏற்றிக்கொள்ளும் பெரியப்பாவை மட்டுமே எனக்குத் தெரியும். அதற்காக இன்றைக்கும் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

விழாவுக்குப் பெரியப்பாவை ரகசியமாகக் கூப்பிட்டது அம்மா. அண்ணனும் தம்பியும் ஒரு கூரைக்குக் கீழே வந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்பது அவள் நினைப்பு. பெரியப்பா தினமும் டிரெயினில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர். அடுத்த ஸ்டேஷனில் ஏறும் கூட்டாளிக்காகப் பக்கத்து சீட்டில் கர்சீப் போட்டுவைப்பது அந்த டிரெயின்காரர்கள் வழக்கம். பள்ளி ஹாலிலும் போட்டுவிட்டார். "இதென்ன டிரெயினா சார்?" என்று வாட்ச்மேன் கேட்டும் எடுக்கவில்லையாம்.

திரை விலகியது. கப்பல்காரர்கள் என் எதிரே நின்றார்கள். எல்லாம் தினம் பார்க்கிற என் வகுப்பு மூஞ்சிகள். அதிசயம் எங்கிருந்து வரும்? கண்ணைத் திருப்பினால் மூன்றாவது வரிசையில் பெரியப்பா! படித்த இங்கிலீஷெல்லாம் பறந்துவிட்டது.

"ஐயோ, பெரியப்பா வந்திருக்காரு! எவ்ளோ அழகா இருக்காரு பாருங்க!"

ஹாலே சிரித்தது. டூட்டி முடிந்து செக்யூரிட்டி உடுப்போடு அப்போதுதான் வாசலில் வந்து நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் கைகாட்டிய பக்கம் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை.

பெரியப்பா எழுந்து கர்சீப்பை எடுத்தார். "வாடா. உனக்குத்தான் எடம் போட்டு வச்சேன்" என்றாராம்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு போய் உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் அந்த ஒரே கர்சீப்பில் மாற்றி மாற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. டயலாக் மறந்தும் பெரியவர்களை இப்படி அழவைக்கிற அளவுக்கு நடித்திருக்கிறேனே என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.