மதாமுக்கு ஏற்ற பிளேயர்

கொலைகாரன் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது என்று புகார் சொல்லிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடைக்கு வந்தார். நேரு வீதியில் எலக்ட்ரானிக்ஸ் கடை. எம்பி3 பிளேயர்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். அந்தக் கவுண்டருக்கு நான்தான் பொறுப்பு. இந்தச் சாமான்களைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவன் புதுச்சேரியிலேயே கிடையாது என்பது என் அபிப்பிராயம். வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததாக நினைவில்லை.

வந்தவர் மதாம் தெரேஸ், ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர். தனியாக இருந்தார். கண்பார்வை மங்கி, புத்தகம் படிக்க முடியாமல் போய்விட்டது. பாரிஸில் இருக்கும் மகன் ஒலிப்புத்தகங்களை டவுன்லோட் செய்து சிடியில் போட்டு அனுப்பியிருந்தார். அவற்றைக் கேட்க ஒரு பிளேயர் வேண்டும் என்று முந்தின வாரம் வந்தபோது, அவரை முழுதாகச் சொல்லி முடிக்கவே நான் விடவில்லை. கலர் ஸ்கிரீன், ஈக்வலைசர், எஃப்எம், வீடியோ என்று அடுக்கினேன்.

"படம் வாணாம் தம்பி. கதை கேக்கணும், அவ்ளோதான்," என்றார்.

"இருக்கட்டும் மதாம். நாளைக்கு உதவும்."

கண் சரியாகத் தெரியாதவரிடம் கலர் ஸ்கிரீனைத் திருப்பித் திருப்பிக் காட்டிய விற்பனையாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேஸ் ஒலி எப்படி அதிர்கிறது பாருங்கள் என்று சில பாட்டுகளை ஷஃபிளில், வரிசையைக் கலைத்து, ஓடவிட்டேன். பிறகு அவர் கொண்டுவந்த சிடியிலிருந்து ஒரு நாவலை ஏற்றிக் கொடுத்தேன். ஷஃபிளை எடுக்க மறந்துவிட்டேன். துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயம் முதலில் ஓடிவிட்டது.

"போலீஸ் வந்து அவன புடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் செத்தவரு வந்து காபி குடிக்கிறாரு," என்றார் மதாம்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பட்டன் கையில தட்டுப்படல தம்பி, வழவழன்னு கெடக்கு. நிறுத்திட்டுப் போட்டா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அங்க வந்துடுங்கன்னு மகன் கூப்புட்டுட்டே இருக்கான். எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது, தெரிஞ்ச சனமெல்லாம் இங்கதான் இருக்குது. ஆனா ஒரு கதைகூட இல்லாம நாள் பூரா சும்மா உக்காந்திருக்க முடியல. போயிடலாம்னு பாக்கறேன்."

புகார் சொல்கிற குரலே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. "ரெண்டு நாள் குடுங்க மதாம். நானே நல்லதா பாத்துத் தர்றேன்," என்றேன்.

முதலாளி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "மாத்திக் குடு. ஆனா மறுபடியும் திரும்பி வந்தாங்கன்னா, நீதான் அவங்க வூட்டுக்குப் போயி கதை படிச்சிக் காட்டணும்." எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல், நன்றி சொல்கிற மெர்சி.

நாலு பிளேயர்களைச் சாரம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு எடுத்துப் போய், எல்லாவற்றிலும் அந்த நாவலை ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். நாள் முழுக்க நான் விற்கிற சாமானில் எனக்கே பிளே பட்டன் அகப்படவில்லை.

"இன்னாங்க, சாமி கும்புடறீங்களா?" என்றாள் என் மனைவி.

அடுத்தது ரெஸ்யூம், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்ப்பது. பாஷை தெரியாத கதையில் விட்ட இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரிடத்தில் ஒரு பெண் அழுதாள். அங்கே நிறுத்தி, ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்தேன். மூன்று பிளேயர்களில் அழுகை போய், கதை முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்காவதில் விட்ட இடத்திலிருந்தே அழுதாள்.

"அழுவுறா! அழுவுறா!" என்று துள்ளினேன்.

"எவ அழுவுறா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். அந்த நான்காவது, சோப்பு டப்பா என்று நான் கேலி செய்து கீழ்த்தட்டில் தள்ளி வைத்திருந்த பிளேயர். ஒற்றை பென்சில் பேட்டரி, புடைத்த பட்டன்கள், நகம் அளவு ஸ்கிரீன். மனைவி அதை வாங்கிக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். பிறகு கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து பிளே பட்டன் மேல் ஒட்டினாள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. தோன்றவில்லை.

கடையில் மதாம் அதை வாங்கி, பொட்டைத் தொட்டு அழுத்தினார். நிறுத்தினார், மறுபடி அழுத்தினார். இரண்டு வாக்கியம் கேட்டிருப்பார். "இதான் தம்பி. இதத்தான் கேட்டேன்," என்றார்.

அடுத்த வருஷம் அவருடைய மகன் கடைக்கு வந்தார். "எங்கம்மாவுக்கு பிளேயர் குடுத்தது நீங்கதானா?"

பாராட்டு வருகிறது என்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"டிக்கெட் போடவான்னா, இந்தக் கதை முடியட்டும்ங்கறாங்க. முடிஞ்சா இன்னொண்ணு அனுப்புங்கறாங்க. நானும் அனுப்பிட்டே இருக்கேன், அவங்களும் வர்ற மாதிரி தெரியல." கவுண்டர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, "அதுல போடறதுக்குப் பெரிய மெமரி கார்டு இருக்கா?" என்றார்.

கவுண்டருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அன்று முதல் நான் சொல்லி வந்தது ஒன்றுதான்: வந்தவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆனால் இதைச் சொல்ல நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர்கள் முதலாளியிடம் குறைப்பட்டார்களாம்.