தடியைத் தூக்கினால் போய்விடு

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் தோலோமுஷ் திரும்பிப் பார்ப்பதில்லை. நடையையும் நிறுத்துவதில்லை. கையிலிருக்கும் தடியைத் தலைக்கு மேலே ஒருமுறை தூக்கி இறக்குவார், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் யாராயிருந்தாலும் ஹாரனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எங்கள் மலைப் பள்ளத்தாக்கின் அட்-பாஷி சாலையில் போன தை மாதக் குளிர்வரைக்கும் தினம் காலையில் நடந்த காட்சி இது.

தடி என்றால் கடையில் வாங்கியதல்ல. பனி வாருகிற மண்வாரியின் பிடி. தலையில் நரித்தோல் தொப்பி, உடம்பில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மகள் அனுப்பிய நீல விளையாட்டு உடுப்பு, அதற்கு மேலே ஆட்டுத்தோல் கோட்டு, காலில் கம்பளி பூட்ஸ். ஆயுசில் பெரும்பகுதியைப் பால் லாரியின் இருக்கையில் கழித்த உடம்பு அது, அகலமாகத்தான் இருக்கும். இடது கால் முரண்டு பிடித்தால் குதிரையை விரட்டுகிற மாதிரியே விரட்டுவார். "ச்சூ! நடடா சோம்பேறி. உனக்காகத்தானே இந்தக் குளிர்ல வந்திருக்கேன்" என்பார். வலது காலை ஒன்றும் சொல்ல மாட்டார், அது நல்ல பிள்ளை.

எல்லாம் அந்த இடது காலால் வந்த வினை. சர்க்கரை ஏறி, ரத்தக்குழாய் அடைத்து, கெண்டைச் சதையில் ரத்தம் சரியாக இறங்கவில்லை. நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "நடங்க. வலிக்கிற வரைக்கும் நடங்க. வலிச்சா உக்காருங்க. வலி விட்டதும் எழுந்து நடங்க. இல்லேன்னா அந்தக் காலை எடுக்கணும்."

எடுத்த காலை அவர் பார்த்திருக்கிறார். அண்ணன் இஷெங்குலுக்கு இதே வியாதிதான், இதே இடது கால்தான். காலை எடுத்த பிறகு அந்த மனுஷன் சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார், சாகிறவரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. சாலையில் போகிற மாட்டையும் மழையையும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு கிடந்தார். தோலோமுஷ் மனைவி ஜிபாரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், "அந்த நாற்காலிக்கு நான் போக மாட்டேன்." அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சரி, நடக்கலாம் என்றால் விட்டால்தானே? எங்கள் பள்ளத்தாக்கில் சும்மா யாரும் நடப்பதில்லை. குதிரை இருந்தவர் குதிரையை விற்றுக் கார் வாங்கினார், இல்லாதவர் கார் வைத்திருப்பவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சாலையோரம் ஒருவர் நடந்துபோனால் அவருக்கு ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நடக்கிறவரை ஏற்றாமல் போவது பாவம். ஏறச் சொல்லியும் ஏறாமலிருப்பது அவமானப்படுத்துவது. இதில் தோலோமுஷ் மற்ற எல்லோரையும்விட மோசம். பால் லாரி ஓட்டிய காலத்தில் கிழவி, கன்றுக்குட்டி, கல்யாணப்பெண் என்று ஒருத்தரை விடாமல் ஏற்றியவர். "நடக்கிறவனை விட்டுட்டுப் போறவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று மற்ற ஓட்டுநர்களைக் கிழிகிழியென்று கிழித்தவர். இப்போது அதை அவரே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதல் வாரம் பள்ளிக்கூடத்து வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. வருகிற காரெல்லாம் நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றால் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்கள். நடந்துகொண்டே பேசினால் காரும் கூடவே ஊர்ந்தது. மருமகன் முறையான சோவெத்பெக் ஒருநாள் வண்டியை விட்டே இறங்கிவிட்டான். "ஏன் மாமா, என் வண்டி நாறுதா? இல்ல நான் நாறுறேனா?" என்று கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஏறினார். வீட்டு வாசலில் இறங்கியபோது அவருக்கு அழுகை வந்தது.

கோடையில் ஒரு பழைய சைக்கிள் வாங்கிப் பார்த்தார். நாய்கள் வீட்டுக்கு வீடு முறைபோட்டுத் துரத்தின. சைக்கிளைக் கோழிக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு மறுபடி நடையாய் நடந்தார். அதற்குள் ஊரில் கதை கட்டிவிட்டார்கள். பெண்டாட்டியோடு சண்டையாம், காலையில் வீட்டை விட்டுப் போய்விடுகிறாராம். ஜிபார் கடைக்குப் போய்விட்டுச் சிவந்த முகத்தோடு திரும்பினார். "உங்க காலு பொழைக்கிறதுக்குள்ள என் மானம் செத்துரும்போல இருக்கு" என்றார்.

அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தோலோமுஷ் மசூதி வாசலில் எல்லோரையும் நிறுத்தினார். கால் விஷயம், அண்ணன் விஷயம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். "என் மேல பிரியம் இருந்தா எனக்கு வண்டி நிறுத்தாதீங்க. நான் தடியைத் தூக்கினா நல்லாயிருக்கேன்னு அர்த்தம். போயிட்டே இருங்க." ஊர்ப் பெரியவர் இரண்டு கைகளையும் விரித்து, இந்த மனிதன் கால் பிழைக்கட்டும், இவனுக்காக யாரும் நிறுத்த வேண்டாம் என்று ஆசி சொன்னார். கூட்டம் மொத்தமும் முகத்தைத் தடவி ஆமின் சொன்னது. அப்படி ஆமின் சொன்னதை எங்கள் ஊரில் யாரும் மீறுவதில்லை.

அதன்பிறகு நடை ஏறியது. முன்பு பள்ளிக்கூடத்து வாசலில் வந்த வலி, அறுவடை சமயத்தில் மாவு மில்லுக்குத் தள்ளிப்போனது. முதல் பனி விழும்போது பாலத்துக்குப் போனது. கடைசியில், சாலை வளைகிற இடத்தில் இருக்கும் கல்லறைத் திடல்வரை வலிக்காமல் போனார். வலி வந்ததும் அங்கே ஒரு மேட்டில் உட்கார்ந்துகொள்வார். எதிரே அண்ணன் கல்லறை. "பாத்தியா, இங்க வரைக்கும் வந்துட்டேன்" என்பார். வண்டி போனால் உட்கார்ந்தபடியே தடியைத் தூக்குவார், அவர்கள் கையாட்டிவிட்டுப் போவார்கள். கால்விரல்களில் சூடு திரும்பியிருந்தது. ஜிபார் தினம் ராத்திரி தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடுவார்.

அந்தத் தை மாதக் காலையிலும் கல்லறைத் திடல்வரை போய்விட்டார். உட்காரப் போகிற நேரத்தில் பனிக்கட்டி வழுக்கியது. இடது கணுக்கால் மடங்கி முறிந்தது, பூட்ஸ் கழன்று சரிவில் உருண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டது. எழ முடியவில்லை. கையை ஊன்றி எப்படியோ தன் மேட்டுக்கே தவழ்ந்து வந்து உட்கார்ந்தார், அங்கேதான் வண்டிக்காரர்கள் கண்ணில் படுவோம் என்று.

கண்ணில் படத்தான் செய்தார். முதல் வண்டி வந்தது. தடியைத் தூக்கினார், ஆட்டினார். வண்டி ஒரு தட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்போதுதான் அந்தத் தடிக்குத் தானே சொல்லி வைத்த அர்த்தம் அவருக்கு உறைத்தது. அடுத்த வண்டிக்குத் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வீசினார். உள்ளே இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே கையை வீசினார்கள். கத்திப் பார்த்தார். சன்னல் ஏற்றி, ஹீட்டர் போட்டு, பாட்டு வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன கேட்கும்? சோவெத்பெக் வண்டியும் வந்தது. மற்றவர்களைவிட அவனுக்குப் பிரியம் அதிகம், இரண்டு தடவை ஹாரன் அடித்தான். தோலோமுஷ் தொப்பியைக் கழற்றி வெறும் காலுக்குப் போட்டார். குளிரில் கால் மரத்து, வலி போய்விட்டிருந்தது. வலி போனதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கடைசியில் நிறுத்தியது எல்லைப் பக்கமிருந்து சரக்கு ஏற்றி வந்த ஒரு லாரி. ஓட்டியவர் தூரத்து ஓஷ் பக்கத்து ஆள், எங்கள் ஊர் ஆமின் எதுவும் அவருக்குத் தெரியாது. "தடி ஆடுச்சு, நிறுத்தினேன்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். அதுவரை காப்பாற்றி வந்த காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே திரண்டு வந்தது. சோவெத்பெக் ஒரு கிடாயை இழுத்துக்கொண்டு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "சந்தோஷமா இருக்கீங்கன்னுதான் மாமா ரெண்டு தடவை அடிச்சேன்" என்றான். "நான் சொன்னதைத்தானே செஞ்சே" என்று தோலோமுஷ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நானா இருந்தா நிறுத்தியிருப்பேன்." ஜிபார் தேநீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊரைக் கூட்டி நிறுத்தாதேன்னு ஆமின் சொல்ல வெச்சது யாரு?" என்றார். சொன்ன பிறகு அவரும் அழுதார்.

அண்ணன் வீட்டிலிருந்து யாரோ நல்லெண்ணத்தில் அந்த நாற்காலியையே கொடுத்தனுப்பினார்கள். தோலோமுஷ் அதைக் கோழிக் கொட்டகைக்கு, சைக்கிளுக்குப் பக்கத்தில் அனுப்பிவிட்டார். ஆனால் மிச்சமிருக்கிற காலின் கெண்டையில் இப்போது அதே குடைச்சல் ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா அதே வார்த்தைகளைத்தான் திருப்பிச் சொன்னார். அந்த நல்ல பிள்ளையையும் இனி ச்சூ என்று விரட்ட வேண்டியதாகிவிட்டது.

இப்போது பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. அக்குளில் இரண்டு ஊன்றுகோல்களோடு அவர் வாசலைத் தாண்டினால் போதும், வருகிற வண்டியெல்லாம் நிற்கிறது. ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினாலும் போவதில்லை. தூக்கினால் இன்னும் பதறிக்கொண்டு இறங்கி ஓடி வருகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில் சோவெத்பெக் வந்தான். பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டு, அவர் நடைக்கு ஈடாக வண்டியை ஊர விட்டுக்கொண்டே வந்தான். ஹீட்டர் சூடு திறந்த கதவு வழியாக அவர் மேல் அடித்தது. பள்ளிக்கூடத்து வாசல் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, காலில் வலி ஏறிவிட்டது. நின்றார். வண்டியும் நின்றது.

வலி விடுகிறவரைக்கும் அப்படியே நின்றார். பிறகு ஒரு ஊன்றுகோலை நீட்டி, அதன் நுனியால் அந்தக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.