கடைசி நாளுக்கென்று வைத்த கிரெடிட்

சென்னைக்கு விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறி, திரும்பவும் போர்ட் பிளேருக்கே வந்து இறங்கினோம். இதைச் சொன்னால் நாங்கள் குடியிருக்கும் மரைன் ஹில்லில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "உங்க மொட்டை மாடியில நின்னாலே ஹார்பர் தெரியுது. கப்பல் ஏற மெயின்லேண்டு வரைக்கும் போகணுமாக்கும்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். போகத்தான் வேண்டும். இது சொகுசுக் கப்பல், சென்னையில்தான் ஆள் ஏற்றுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கப்பலில் என் கணவர் பயணி.

அவர் மெயின்லேண்டு போகும் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு அவர் கப்பலிலேயே சென்னை போய், அங்கிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஏறுவோம். நான் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் பிள்ளைகளோடு கிடப்பேன். அவர் அடுப்படியில் நிற்பார். கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்குச் சோறு. எனக்கோ நேரத்துக்குத் தட்டு வந்துவிடும். கிளறினால் சோற்றுக்கு அடியில் ஒரு வறுத்த மீன் ஒளிந்திருக்கும். பக்கத்து பங்க்காரர்கள் தட்டில் அது இருக்காது. பிறகு கேட்டால், ஒன்றும் தெரியாதவர் போல, "எல்லாருக்கும் அதான்" என்பார். கடலில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. இந்தக் குறை என் மனசில் வெகுகாலமாகக் கிடந்தது.

எங்கள் ஊர் அபர்தீன் பஜாரில் டிக்கெட் போட்டுத் தரும் பெண், தமிழும் இந்தியும் கலந்து பொரிந்து தள்ளுவாள். "ஆன்ட்டி, இப்ப புக் பண்ணா ஆன்போர்டு கிரெடிட் கிடைக்கும், பக்கா" என்றாள்.

"அப்போ டிக்கெட்டுல கழிச்சிருவீங்களா?"

"நஹி ஆன்ட்டி. டிக்கெட்டுல கழியாது, கையிலயும் பணமா தர மாட்டாங்க. உங்க ரூம் கணக்குல ஏத்தி வெச்சிருப்பாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான். ரூம் சாவி ஒரு கார்டு இருக்கும்ல, கப்பலுக்குள்ள எது வாங்கினாலும் அதைக் காட்டினா போதும், முதல்ல கிரெடிட்லேருந்து போகும். சாதாரண சாப்பாடு டிக்கெட்லயே வந்துரும். ஸ்பெஷல் காபி, மசாஜ், போட்டோ, தனி ரெஸ்டாரன்ட், இதுக்கெல்லாம்தான் கிரெடிட். சர்வீஸ் சார்ஜ் டிக்கெட்டோடயே கட்டிருவோம், அதனால அதுக்கும் எடுக்க மாட்டாங்க. ஆனா இறங்கும்போது மிச்சம் இருந்தா கதம். போச்சு."

"கேன்டீன் கூப்பன் மாதிரின்னு சொல்லு" என்றார் என் கணவர். வாழ்நாளெல்லாம் கூப்பன் வாங்கிக்கொண்டு சோறு போட்டவர் அல்லவா.

எனக்கு அவள் சொன்னதில் தனி ரெஸ்டாரன்ட் என்பது மட்டும்தான் காதில் நின்றது. மேல் தளத்தில், கண்ணாடிச் சுவரோடு, கடலைப் பார்த்தபடி இரண்டு பேர் உட்காரும் மேஜைகள். போனில் படம் காட்டினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மேஜையில் இவரை உட்காரவைத்தே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இவரிடம் மூச்சு விடவில்லை.

கப்பல் ஏறியதும் நான் சின்னப்பிள்ளை ஆகிவிட்டேன். லிஃப்டில் தேவையில்லாமல் ஏறி இறங்கினேன். படுக்கையில் விழுந்து எழுந்தேன். குளியலறையில் வெந்நீர் வருகிறது என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரோ போகிற இடமெல்லாம் சமையலறைக் கதவு எங்கே என்று தேடினார்.

"காபி நல்லா மணக்கு. அந்த கார்டைக் கொஞ்சம் தாட்டி."

"அதுல கைய வைக்காதீங்க! ஓசிக் காபி அந்தப் பக்கம் இருக்கு."

"அது வெந்நீரு."

"குடிங்க, உடம்புக்கு நல்லது."

ஏன் இவ்வளவு கெடுபிடி? தீவுக்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. எங்கள் மெயின்லேண்டு கப்பல் ஹார்பர் வாசலுக்கு வந்த பிறகும், ஜெட்டியில் கப்பலைக் கட்ட இடம் இல்லை என்று வெளியே நங்கூரம் போட்டுவிடும். கேன்டீனில் எல்லாம் தீர்ந்திருக்கும். அதனால் நல்ல பிஸ்கட், நல்ல தண்ணீர், நல்ல ஊறுகாய் எதுவானாலும் கடைசி நாளுக்கு என்று எடுத்து வைப்போம். எங்கள் தீவுகளில் திக்லிபூர்க்காரரானாலும் ரங்கத்துக்காரரானாலும் பையின் அடியில் கடைசி நாள் பொட்டலம் ஒன்று இருக்கும். நான் அந்தப் பொட்டலத்தைப் போலவே கிரெடிட்டையும் பொத்தி வைத்தேன். நல்லதெல்லாம் கடைசி ராத்திரிக்கு.

கடைசி நாள் காலையில், பட்டுச்சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டு, அந்த ரெஸ்டாரன்ட் வாசலுக்குத் தனியாகப் போனேன். எத்தனை மணிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்: வரிசை கிடையாது, முன்பதிவுதான். இன்றிரவு எல்லா மேஜையும் நிரம்பிவிட்டது. கப்பல் ஏறிய அன்றைக்கே எல்லாரும் பதிவு செய்துவிட்டார்களாம்.

சோறு போடும் இடத்தில் இடத்தைப் பதிந்து வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கேன்டீனில் மணி அடித்தால் தட்டோடு போய் நிற்போம், அவ்வளவுதான். அவள் எங்கள் அறை எண்ணைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிக்கொண்டாள். விடிந்தால் போர்ட் பிளேர். கிரெடிட் போனால் போகட்டும், அந்த மேஜையும் போய்விடும். இனி எந்தக் காலத்தில் இவரைக் கப்பலில் உட்காரவைப்பேன்? அறைக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"இதுக்காகவா என் காபியில மண்ணைப் போட்ட?" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் கடல் கொந்தளிக்கக் கிளம்பியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. வராந்தாவில் கைப்பிடியைப் பிடித்தபடி வெளிறிய முகங்கள் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இவர் நாற்காலியில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அப்போது அறைப் போன் அடித்தது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வரவில்லையாம். உங்களால் வர முடியுமா, உடம்பு தாங்குமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

தாங்குமாவா! இதைவிட மோசமான கடலில் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான். பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு, இவர் சட்டைப் பொத்தானை நடந்துகொண்டே போட்டுவிட்டு, ஆடுகிற வராந்தாவில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். கண்ணாடிக்கு வெளியே அலை எழும்பி எழும்பி விழுந்தது. எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

மீன் வறுவலும் சோறும் கேட்டு வாங்கினோம். இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து மேஜையில் தண்ணீர் தீர்ந்தால் பாதி எழுந்தார். தட்டு உருளும் சத்தம் கேட்டால் முழுசாகவே எழுந்தார்.

"உக்காருங்க!"

"இல்லட்டி, அந்தப் பையன் தனியா சமாளிக்கான்..."

"நீங்க ரிட்டையர் ஆயாச்சு. உக்காருங்க."

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. அந்த நேரத்துக்குள் நான் என் வேலையை முடித்துவிட்டேன்.

திரும்பி வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தார். கையால்தான் சாப்பிட்டார். பாதிச் சோறு போனதும் விரல்கள் நின்றன. சோற்றுக்கு அடியிலிருந்து ஒரு மீன் துண்டு எட்டிப் பார்த்தது. என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"என்னட்டி இது?"

நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எல்லாருக்கும் அதான்."