நாலு மணி நேரத்தில் வந்துவிடுவாள்

அம்மா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். என்னை இரும்புலியூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிய அம்மா, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "இன்னாத்துக்குடி அழற? நாலு மணி நேரம்தான். ஒரு குரல் குடுத்தா வந்து நிப்பேன்."

பெரியப்பா லாரி ஓட்டுபவர். எந்த ஊரையும் தன் வண்டியை வைத்துத்தான் அளப்பார். "மூவாயிரம் கிலோமீட்டர் கீது. ரோடு மட்டும் இருந்துச்சுன்னா நமக்கு ஏழு நாளு. ப்ளேனுக்கு நாலு ஹவரு" என்றார். திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகவே எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அப்படியென்றால் அம்மா திருவண்ணாமலையைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறாள். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாவது முடிந்ததும் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள், வீட்டிலிருந்து யாராவது பெரியவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று அங்கே ஒரு டீச்சர் சொல்லி அனுப்பினார். எனக்குப் படிப்பின் மேல் பெரிய ஆசை என்று சொன்னால் அது பொய். அம்மாவை வரவழைக்க ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் சந்தோஷம். "வெள்ளிக்கிழமை வா, கையெழுத்துப் போடணும்" என்று எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். தபாலும் விமானத்தில்தானே போகிறது, அதற்கும் நாலு மணி நேரம் போதாதா?

"நான் வந்து கைநாட்டு வெச்சா ஆவாதா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"அம்மாதான் வரணுமாம்."

நான் அதிகம் பேசாத பெண் என்பதால் பெரியம்மா நம்பிவிட்டாள். அவள் மகன்தான் சிரித்தான். "உங்கம்மா இன்னா, சைதாப்பேட்டைலேர்ந்தா வருது?"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பள்ளிக்கூட வாசலில் நின்றேன். எப்போதாவது ஒரு விமானம் தாழப் பறந்து மீனம்பாக்கம் பக்கம் இறங்கும். மின்சார ரயிலில் வர அரை மணி, ஸ்டேஷனிலிருந்து நடக்கப் பத்து நிமிஷம். அந்த நேரமும் தாண்டிவிட்டால், சரி, அடுத்த விமானம். மற்றப் பிள்ளைகள் அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பினார்கள். மூன்று மணிக்கு அந்த டீச்சர் வெளியே வந்தார்.

"வீட்ல பெரியம்மா இருக்காங்கன்னியே? ஓடிப்போய்க் கூட்டிட்டு வாம்மா."

"இன்னும் ஒரு ப்ளேன் பாத்துடறேன் டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கிய அறையைப் பூட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'பெரியம்மா போட்டா போதும் கண்ணு. நீ படி.' அதை அடுப்பில் போட்டேன். அடுத்த வருஷம் பெரியப்பாவே சேர்த்துவிடுகிறேன் என்று கூப்பிட்டபோது, போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கூப்பிட்டும் வராதவள் என்று அம்மாவின் மேல் பல வருஷம் கோபமாக இருந்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டை வேலை பார்த்த வீட்டு எஜமானி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்ததும், என் கடிதத்தைக் காட்டி அதைக் கேட்டதற்காக அம்மா இரண்டு நாள் சோறில்லாமல் கிடந்ததும் எனக்கு அப்போது தெரியாது.